பேப்பர் உள்ள நாய்

ராமநாதபுரத்திலிருந்து ஒரு நண்பர் எனக்குக் கடிதம் எழுதியிருந்தார். பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். இந்தக் காலத்திலும் மை ஊற்றும் பேனாவால் கடிதம் எழுதி, தபால் தலை ஒட்டி, தபால் பெட்டி வரை நடந்து போய்ப் போடுகிற மிகச் சிலரில் அவர் ஒருவர். கடிதத்தின் சாரம் இதுதான்:

"சார், என் பேரனுடைய பிறந்த நாளுக்கு மகன் சென்னையில் ஒரு ராஜபாளையம் நாய்க்குட்டி வாங்கினான். பேப்பரோடு என்றால் ஒரு விலை, பேப்பர் இல்லாமல் என்றால் ஒரு விலை என்று விற்றவர் சொன்னாராம். பேப்பரோடு உள்ள விலையையே கொடுத்தோம். குட்டி வந்துவிட்டது; பேப்பர் வரவில்லை. எட்டு மாதம் ஆகிறது. கேட்டால் 'அடுத்த வாரம்' என்கிறார். குட்டியைச் சென்னை வீட்டில் வைத்துக்கொள்ள முடியாமல் இங்கே கொண்டு வந்து விட்டுவிட்டார்கள். பேப்பர் என்பது என்ன? அதில் என்ன எழுதியிருக்கும்? அது வராவிட்டால் நாய்க்கு ஏதேனும் குறைவு உண்டா? நீங்கள் நாலும் தெரிந்தவர். விசாரித்து எழுத வேண்டும்."

நாவல் எழுதுகிறவனுக்கு நாலும் தெரியும் என்று நினைப்பவர்கள் இன்னும் உலகத்தில் இருக்கிறார்கள் என்பதே எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்த நம்பிக்கையைக் கெடுக்க மனம் வராமல் விசாரிக்கத் தொடங்கினேன். நாயைப் பற்றி விசாரிக்கப் போய் எங்கெங்கோ சுற்றி, கடைசியில் மண்டபம் ரயில் நிலையத்தில் வந்து நின்றேன்.

முதலில் அந்தப் பேப்பர். நாய் வியாபாரிகள் பேச்சில் 'பேப்பர்' என்றால் இந்தியக் கென்னல் கிளப் கொடுக்கும் பதிவுச் சான்றிதழ். இந்தச் சங்கத்தின் தலைமை அலுவலகம் சென்னையிலேயே இருக்கிறது. சான்றிதழில் நாயின் பெயர், இனம், ஆணா பெண்ணா, நிறம், பிறந்த தேதி, வளர்த்தவர் பெயர், உடையவர் பெயர் எல்லாம் இருக்கும். அதன் கீழே ஒரு வம்சாவளி. தகப்பன், தாய், அவற்றின் தகப்பன், தாய், அவற்றுக்கும் தகப்பன், தாய். ஆக மூன்று தலைமுறையில் பதினான்கு மூதாதையர். கல்யாணப் பத்திரிகையில்கூட நாம் இவ்வளவு பேரைப் போடுவதில்லை. நாயின் தோலுக்கடியில் அரிசி மணி அளவில் ஒரு சில்லு வைத்து, அதிலுள்ள பதினைந்து இலக்க எண்ணையும் பேப்பரில் சேர்த்துவிடுகிறார்கள். பேப்பர் ஒரு நாயுடையது, நாய் வேறொன்று என்ற கதை நடக்காமல் இருப்பதற்காக.

இந்தப் பேப்பரைக் குட்டி வாங்குகிறவர் போய் வாங்க முடியாது. குட்டிகள் பிறந்தவுடன், தாய் நாயை வைத்திருப்பவர் அந்த ஈற்றை முழுவதுமாகப் பதிவு செய்யவேண்டும். தாயும் தகப்பனும் முன்பே பதிவான நாய்களாக இருக்கவேண்டும். அதன் பிறகுதான் ஒவ்வொரு குட்டிக்கும் சான்றிதழ். ஆகையால், "குட்டியைக் கொண்டு போங்கள், பேப்பர் பின்னால் வரும்" என்று யாராவது சொன்னால், ஈற்றைப் பதிந்த ரசீதையும் தாய் தகப்பனின் சான்றிதழ்களையும் அந்த இடத்திலேயே காட்டச் சொல்லிப் பார்த்துவிட வேண்டும். என் நண்பரின் மகன் கேட்காமல் விட்டது இதைத்தான். நாட்டு இனங்களுக்கு வேறு ஒரு வழியும் வைத்திருக்கிறார்கள். வம்சம் தெரியாத நாயாக இருந்தாலும், நடுவர்கள் நேரில் பார்த்து, அளந்து, இன்ன இனத்துக்கு உரிய லட்சணம் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டால் பதிவு உண்டு. அந்த நாயின் பேப்பரில் முன்னோர் கட்டங்கள் காலியாக இருக்கும். அதன் சந்ததிக்குத்தான் அவை மெல்ல மெல்ல நிரம்பும்.

இந்த ஏற்பாடு முழுவதும் சீமையிலிருந்து வந்தது. அங்கேயும் நாயில் தொடங்கவில்லை, குதிரையில் தொடங்கியது. 1791ஆம் ஆண்டில் ஜேம்ஸ் வெதர்பி என்பவர் பந்தயக் குதிரைகளின் வம்சாவளியைத் திரட்டிப் புத்தகமாகப் போட்டார். பந்தயத்தில் பணம் புரண்டதனால் ஒரு குதிரையின் பெயரில் இன்னொன்றை ஓட்டுகிற மோசடியும் புரண்டது. அதைத் தடுக்க ஒரு புத்தகம் வேண்டியிருந்தது. 1822இல் கொம்பு குட்டையான ஒரு மாட்டினத்துக்குப் புத்தகம் வந்தது. நாயின் முறை வருவதற்கு இன்னும் ஐம்பது ஆண்டு ஆயிற்று.

1859ஆம் வருஷம் ஜூன் மாதம் நியூகாஸில் நகரத்தில் முதல் நாய்க் கண்காட்சி நடந்தது. பறவை வேட்டைக்கு உதவும் இரண்டு வகை நாய்களுக்கு மட்டும் போட்டி. நடத்தியவர்களில் ஒருவர் துப்பாக்கி செய்கிறவர். ஆகையால் பரிசும் துப்பாக்கி. ஒரு வகை நாய்க்குத் தீர்ப்புச் சொன்ன நடுவரின் சொந்த நாய் மற்ற வகையில் முதல் பரிசு வாங்கியது. அந்த வகைக்குத் தீர்ப்புச் சொன்ன நடுவரின் நாய் இந்த வகையில் முதல் பரிசு வாங்கியது. வெள்ளைக்காரனுடைய நியாய புத்தியைப் பற்றி நம் தாத்தாக்கள் ஓயாமல் புகழ்ந்து பேசியதை நினைத்துக்கொண்டேன்.

இந்த மாதிரிக் கூத்துக்களை ஒழுங்கு செய்வதற்காக 1873இல் ஷர்லி என்ற பாராளுமன்ற அங்கத்தினர் சில நண்பர்களைச் சேர்த்து லண்டனில் கென்னல் கிளப்பை ஆரம்பித்தார். மறுவருஷமே முதல் வம்சப் புத்தகம் வெளியாயிற்று. அதில் 4,027 நாய்கள், 40 இனங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தன. அப்போது பெரிய தலைவலி பெயர்தான். நம் ஊரில் தெருவுக்கு நாலு மணி இருப்பது போல அங்கே ஊருக்குப் பத்து 'ஜெட்', பத்து 'விக்'. எந்த ஜெட் பரிசு வாங்கியது, எந்த ஜெட்டின் மகன் விற்பனைக்கு வந்திருக்கிறான் என்பது தெரியவில்லை. அதனால் 1880இலிருந்து ஒரு நாயின் பெயரை இன்னொரு நாய்க்கு வைக்காமல் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்ற விதி வந்தது. பேப்பர் உள்ள நாய்களுக்கு இன்றும் மூன்று நாலு சொல்லில் நீளமான பெயர் இருப்பதற்குக் காரணம் இதுதான். வீட்டில் கூப்பிடுவதற்கு என்னவோ டாமியும் மணியும்தான்.

புத்தகம் வந்ததும் ஒரு கதவு சாத்தப்பட்டது. புத்தகத்தில் உள்ளவைக்கும் உள்ளவைக்கும் பிறந்தால்தான் புத்தகத்தில் இடம். இதில் ஒரு விபரீதம் இருக்கிறது. கண்காட்சியில் ஜெயித்த ஒரே கடுவனை எல்லாரும் தேடிப் போவார்கள். நாலு தலைமுறையில் எல்லாம் ஒன்றுக்கொன்று பங்காளி. பிறகு தாய்க்கும் மகனுக்கும், அண்ணனுக்கும் தங்கைக்குமே சேர்க்கை. மூச்சு விட முடியாத மூக்கு, இடுப்பு நழுவுகிற கால், ஓயாத தோல் நோய் எல்லாம் பரம்பரைச் சொத்தாக இறங்கின. 2008இல் இங்கிலாந்தில் ஒரு டெலிவிஷன் படம் இதை அம்பலப்படுத்தி ஊரே அமளிப்பட்ட பிறகு, 2009இலிருந்து அப்படி நெருங்கிய உறவில் பிறக்கும் குட்டிகளைப் பதிய மாட்டோம் என்று லண்டன் கிளப் அறிவித்தது. தொடங்கி நூற்று முப்பத்தாறு வருஷம் கழித்து வந்த ஞானம்!

நம் ராஜபாளையம் நாய்க்கும் இந்தச் சாபம் உண்டு. தூய வெள்ளை உடம்பு, ரோஜா நிற மூக்கு என்றால்தான் ஜாதி நாய் என்று வைத்துக்கொண்டோம். மற்ற நிறக் குட்டி விழுந்தால் கழித்துக் கட்டிய வீடுகள் உண்டு. ஆனால் நாய்களில் அந்த வெள்ளை நிறமும் காது கேளாமையும் பல சமயம் கைகோத்துக்கொண்டு வருகின்றன. நிறத்தைத் தேடித் தேடிச் சேர்த்ததில் செவிட்டுக் குட்டிகள் பிறந்தன. காவலுக்கு வைக்கும் நாய்க்குக் காது கேட்கவில்லை என்றால் அதன் அழகை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ராஜபாளையம் என்றதும் "அது விருதுநகர் ஜில்லா ஆயிற்றே, ராமநாதபுரத்துக்கும் அதற்கும் என்ன?" என்று சிலர் கேட்கலாம். 1910ஆம் வருஷம் மதுரையிலும் திருநெல்வேலியிலும் கொஞ்சம் கொஞ்சம் கிள்ளி எடுத்து ராமநாதபுரம் ஜில்லா உண்டாக்கினார்கள். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், சாத்தூர், சிவகாசி எல்லாம் அதில் சேர்ந்தவை. 1985இல் மூன்றாகப் பிரிக்கும் வரையில் ராஜபாளையம் நாய் ராமநாதபுரத்து நாய்தான். அந்த ஜில்லாவின் கலெக்டரோ மதுரையில் உட்கார்ந்துகொண்டு ராமநாதபுரத்தை ஆண்டார்! வேட்டை நாயான சிப்பிப்பாறைக்குப் பெயர் கொடுத்த கிராமமும் அந்தக் கரிசல் பக்கம்தான். கடலோரத்துக்கு வந்தால் மண்டை நாய் என்று தலை பெருத்த ஒரு காவல் நாய் உண்டு. ராமநாதபுரம், சிவகங்கைச் சீமைகளில் பனந்தோப்புக்கும் ஆட்டுக் கிடைக்கும் காவல் கிடப்பது அது.

இவற்றுக்கெல்லாம் பேப்பர் இருந்ததா? கிடையாது. ஆனால் பேப்பர் இல்லாததனால் வம்சம் தெரியாது என்று நினைத்துவிடக் கூடாது. கரிசல் நாட்டில் 'கன்னி' என்று ஒரு வேட்டை நாய். கறுப்பு உடம்பு, செம்பழுப்புக் கால். கன்னிப் பெண்ணுக்குக் கல்யாணச் சீராகக் கொடுத்து அனுப்புவதனால் அந்தப் பெயர் வந்தது என்பார்கள். அந்தக் குட்டியை விலைக்குக் கொடுப்பது பழைய வழக்கமல்ல. வேண்டியவர் வந்து கேட்கவேண்டும். நன்றாக வைத்துக்கொள்வேன் என்று வாக்குக் கொடுக்கவேண்டும். பிறகுதான் குட்டி கை மாறும். இன்னார் வீட்டுப் பெட்டைக்கு இன்னார் வீட்டுக் கடுவன் சேர்ந்து பிறந்தது என்பது வீட்டுக் கிழவிகளுக்கு மனப்பாடம். புத்தகம் தலைக்குள்ளே இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். கிழவி போனால் புத்தகமும் போயிற்று என்பது அதிலுள்ள குறை.

இன்னும் பின்னால் போனால், செங்கத்துக்கு அருகே எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டுக் கல். மாட்டு மந்தையைக் காக்கப் போராடி மாண்ட ஒரு வீரனுக்கு எடுத்தது. அவனுக்குப் பக்கத்தில் அவனுடைய நாயையும் செதுக்கி, அதன் பெயர் கோவிவன் என்றும், அது கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் நின்றது என்றும் எழுதியிருக்கிறார்கள். அந்த நாயின் தகப்பன் யார், தாய் யார் என்று எவனும் கேட்கவில்லை. ஆயிரத்து நானூறு வருஷமாக அதன் பெயர் இருக்கிறது.

வம்சாவளியை வைத்துக்கொண்டு சண்டை போடுவது ராமநாதபுரத்துக்குப் புதிதல்ல. சேதுபதி ராணி பர்வதவர்த்தனி நாச்சியார், கணவர் இறந்த பிறகு ஒரு பிள்ளையைச் சுவீகாரம் எடுத்துக்கொண்டார். கணவரின் அனுமதி இல்லாமல் விதவை எடுத்த சுவீகாரம் செல்லாது என்று சர்க்கார் சொல்லிற்று. செல்லாது என்றால் ஜமீன் சர்க்காருக்குப் போய்விடும். வழக்கு ஜில்லா கோர்ட்டில் தொடங்கி, சென்னை ஹைக்கோர்ட்டுக்குப் போய், கப்பலேறி லண்டன் பிரிவி கவுன்ஸில் வரையில் போயிற்று. 1868இல், நெருங்கிய பங்காளிகள் சம்மதித்திருப்பதனால் சுவீகாரம் செல்லும் என்று அங்கே தீர்ப்பாயிற்று. இதற்கு ஐந்து வருஷம் முன்புதான், 1863இல், சிவகங்கை ஜமீன் மகளுக்கா பங்காளிக்கா என்ற வழக்கும் அதே பிரிவி கவுன்ஸிலில் மகளுக்குச் சாதகமாக முடிந்திருந்தது. இரண்டு தீர்ப்புகளையும் சட்டம் படிக்கிற பிள்ளைகள் இன்றைக்கும் நெட்டுருப் போடுகிறார்கள். ராமநாதபுரத்துப் பிறப்பு இறப்பு விவரங்களைப் படித்துப் படித்து லண்டனில் எத்தனை வக்கீல்கள் வீடு கட்டினார்களோ!

குதிரைக் கதையையும் சொல்லிவிடுகிறேன். பாண்டியர் காலத்தில் இந்தக் கரையில் அரபுக் குதிரைகள் வந்து இறங்கின. ராமநாதபுரத்துக்குப் பக்கத்திலுள்ள பெரியபட்டினம் அப்போது பெரிய துறைமுகம். வஸ்ஸாப் என்ற பாரசீக சரித்திர ஆசிரியர் கணக்குச் சொல்கிறார்: குதிரை ஒன்றுக்கு 220 பொன் தினார்; வழியில் கடலில் செத்துப்போன குதிரைக்கும் பாண்டியனுடைய கஜானாவிலிருந்து விலை கொடுத்துவிட வேண்டும் என்பது ஒப்பந்தம். அப்படி விலை கொடுத்து வாங்கிய உயர்ந்த ஜாதிக் குதிரைகளுக்கு இங்கே பிறந்த குட்டிகள் கால் கோணிப் பிறந்தன, ஒன்றுக்கும் உதவவில்லை என்று மார்க்கோ போலோ எழுதிவைத்திருக்கிறார். தாய் தகப்பன் உயர்ந்த ஜாதி என்பது மட்டும் போதவில்லை. தீனியும் மண்ணும் சேர்ந்து வரவேண்டியிருந்தது.

இவ்வளவையும் நாலு பக்கத்துக்கு எழுதி நண்பருக்கு அனுப்பினேன். கூடவே, கர்நாலில் மத்திய சர்க்காரின் கால்நடை மரபுவள நிலையம் ஒன்று இருக்கிறது என்றும், நாட்டு நாய்களில் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கர்நாடகத்து முதோல் ஆகிய மூன்று இனங்களை அது முதன்முதலாகப் பதிவு செய்திருக்கிறது என்றும் எழுதினேன். அது தனித்தனி நாய்க்குக் கொடுக்கிற பேப்பர் அல்ல. இனத்துக்கே கொடுக்கிற பேப்பர். இன்ன வட்டாரத்தில் இருக்கிறது, இன்ன உயரம், இன்ன நிறம், மற்ற இனங்களிலிருந்து இன்னவகையில் வேறுபட்டது என்று அளந்து கணக்கெடுத்து ஒரு எண் கொடுப்பார்கள். 2005இலேயே தபால் இலாகா ராஜபாளையம் நாய்க்குத் தபால் தலை போட்டாயிற்று. உங்கள் ஊர் மண்டை நாய் அந்த முதல் மூன்றில் இல்லை என்று ஒரு வரி சேர்த்தேன், வேடிக்கையாக இருக்கட்டும் என்று.

"நேரில் வாருங்கள், நாயையும் பார்க்கலாம்" என்று பதில் வந்தது. போனேன்.

நாய் வாசலிலேயே என்னை வரவேற்றது. பெயர் சீனி. வெள்ளை என்றால் அப்படி ஒரு வெள்ளை. நீண்ட கால், ஒட்டிய வயிறு, ரோஜா மூக்கு. காது நன்றாகவே கேட்டது. உள்ளே வாத்தியாரம்மா தோசைத் திருப்பியை எடுத்த சத்தத்துக்கே ஓடிற்று. கொல்லையில் இன்னொரு நாயும் இருந்தது. பக்கத்துத் தோப்பில் பிறந்து தானாக வந்து சேர்ந்த மண்டை நாய். அதற்குப் பெயர் ஒன்றும் கிடையாது. "ஏய்" என்றால் வரும். சீனி அதற்குப் பயந்து நடந்துகொள்வது தெரிந்தது.

சாப்பாடு முடிந்த பிறகு நண்பர் உள்ளே போய் ஒரு தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். "நீங்கள் எழுதியதைப் பேரனுக்குப் படித்துக் காட்டினேன் சார். 'நாய்க்கு மூன்று தலைமுறை கேட்கிறார்களா தாத்தா?' என்று ஆச்சரியப்பட்டான். அதனால் இதை எடுத்துக் காட்டவேண்டியதாயிற்று" என்றார்.

பெட்டிக்குள் அவருடைய தகப்பனாரின் காகிதங்கள். நண்பர் சிலோனில் பிறந்தவர் என்பது எனக்கு லேசாகத் தெரியும்; அவர் அதைப் பற்றி அதிகம் பேசியதில்லை. அவருடைய பாட்டனாருக்குத் தகப்பனார் முதுகுளத்தூர்ப் பக்கத்துக் கிராமம். பஞ்சத்தில் கங்காணியோடு புறப்பட்டு, தோணியில் மன்னாருக்குப் போய், காட்டு வழியே நடந்து மலைக்குப் போனவர். பாட்டனார் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தார். தகப்பனாரும் அதே லயம். நண்பரும் அதே லயம்.

1948ஆம் ஆண்டு இலங்கை சுதந்திரம் அடைந்தது. அந்த வருஷமே குடியுரிமைச் சட்டம் வந்தது. இலங்கையில் பிறந்தால் மட்டும் போதாது. உன் தகப்பன் இலங்கையில் பிறந்தவன் என்று காட்டு. அல்லது உன் பாட்டனும் அவன் தகப்பனும் இலங்கையில் பிறந்தவர்கள் என்று காட்டு. அந்தக் காலத்து லயத்தில் பிறப்பைப் பதிவு செய்து பத்திரம் வாங்கி வைத்துக்கொள்கிறவர் யார்? "பாட்டனார் அங்கேதான் பிறந்தார் என்பது தோட்டத்துக்கே தெரியும் சார். பிள்ளைப்பேறு பார்த்த ஆயா உயிரோடு இருந்தாள். அவள் சொன்னால் செல்லாதாம்" என்றார் நண்பர்.

1949இல் இன்னொரு சட்டம் வந்தது. இத்தனை வருஷம் இடைவிடாமல் இலங்கையில் வசித்தேன் என்று ருசுக் காட்டினால் குடியுரிமை. எட்டு லட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்காக மனுக்கள் போயின. கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு. நண்பரின் பாட்டனார் கொடுத்த மனு தள்ளுபடியான கடிதமும் பெட்டியில் இருந்தது. காரணம், பாட்டியின் தாயார் இறந்ததற்காகக் குடும்பத்தோடு ஊருக்கு வந்தவர்கள் ஒரு வருஷத்துக்கு மேல் இங்கே தங்கிவிட்டார்கள்.

பிறகு 1964 அக்டோபரில் சாஸ்திரியும் ஸ்ரீமாவோ பண்டாரநாயகாவும் ஒப்பந்தம் செய்தார்கள். எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத 9,75,000 பேர் என்று கணக்கு. அவர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இலங்கைக்கு. பாக்கி ஒன்றரை லட்சம் பேரைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம். 1974இல் அவர்களையும் பாதிக்குப் பாதி பிரித்துக்கொண்டார்கள். நாய்க்குட்டி ஈற்றைக்கூட இவ்வளவு சுலபமாகப் பங்கு போட்டுக்கொள்வதில்லை என்று எனக்கு வாய் வரை வந்தது. நண்பர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

ஆனால் அவரே சிரித்தார். "நாய்க்குப் பேப்பர் கேட்பதில் தப்பில்லை சார். அதற்கு எங்கே போகவேண்டும், யாரைக் கேட்கவேண்டும் என்றாவது இருக்கிறது. கட்டம் காலியாக இருந்தாலும் பரவாயில்லை, நாயைப் பார்த்துப் பதிந்துகொள்கிறோம் என்கிறார்கள் பாருங்கள், அது எனக்குப் பிடித்திருந்தது" என்றார்.

மறுநாள் காலையில் மண்டபத்துக்குப் போனோம். மண்டபம் முகாம் என்றே அங்கே ஒரு ரயில் நிலையம் உண்டு. சிலோன் தோட்டங்களுக்குக் கூலியாட்களைத் தனியே வைத்து, காலரா பிளேக் இல்லை என்று பார்த்து அனுப்புவதற்காக 1917 வாக்கில் சிலோன் சர்க்கார் அமைத்த இடம் அது. போகும்போது தகரத்தில் எண் பொறித்த ஒரு சீட்டுத்தான் ஆளுக்கு அடையாளம். அந்தச் சீட்டைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் கட்டிக்கொள்வார்களாம். போனவர்களின் பேரப் பிள்ளைகள் ஒப்பந்தத்தின்படி தலைமன்னாரில் கப்பலேறி ராமேசுவரத்தில் இறங்கியதும் அதே மண்டபத்துக்குத்தான் வந்தார்கள். 1983க்குப் பிறகு அகதிகள் வந்தபோதும் அதே இடம். வாசல் ஒன்றுதான், வருகிறவர்கள்தான் வேறு வேறு.

நண்பர் குடும்பம் வந்தது 1971இல். அவருக்குப் பத்து வயது. "கண்டியில் குடும்ப அட்டை கொடுத்தார்கள். அதில் எல்லார் பெயரும் வயதும் இருக்கும். அது இருந்தால்தான் இங்கே சோறு, இங்கே வேலை, இங்கே கடன். நீலகிரியில் சர்க்கார் தேயிலைத் தோட்டத்துக்குக் கொஞ்சப் பேரை அனுப்பினார்கள். எங்களைத் திருச்சிப் பக்கம் அனுப்பினார்கள். பிறகு அப்பா இங்கேதான் வரவேண்டும் என்று பிடிவாதம் பிடித்து, தாத்தாவின் அப்பா கிளம்பிப் போன ஊரைத் தேடிக்கொண்டு வந்தார். ஊரில் யாருக்கும் எங்களைத் தெரியவில்லை. 'சிலோன்காரர் வீடு' என்றே இன்றைக்கும் பெயர்."

முகாமின் வேலியோரம் நின்று, தாங்கள் பதினோரு நாள் தங்கிய கொட்டகை எந்தத் திசையில் இருந்தது என்று காட்ட முயன்றார். இடம் மாறிப் போயிருந்தது. வேப்பமரம் ஒன்றை அடையாளம் வைத்துச் சொன்னார். பிறகு அந்த மரம் இல்லை என்றார். காற்று மணலை வாரிக் கண்ணில் போட்டது.

"அங்கே ஒரு நாய் இருந்தது சார்" என்றார் திடீரென்று. "தோட்டத்து நாய். எந்த ஜாதி என்று யாருக்குத் தெரியும்? அதற்கும் சீனி என்றுதான் பெயர். தங்கச்சி வைத்தாள். நாங்கள் புறப்பட்ட அன்று லாரிக்குப் பின்னாலேயே ஓடி வந்தது. கொழுந்து நிறுக்கிற மடுவம் வரையில் வந்தது. அப்புறம் வளைவு. ஹட்டனில் கோச்சி ஏறின பிறகும் தங்கச்சி, 'அது எப்படியும் ஸ்டேஷனுக்கு வந்துவிடும், ஜன்னலை மூடாதே' என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அந்தக் கோச்சிக்கு அழுகைக் கோச்சி என்றே பெயர். எல்லாரும் அழுதுகொண்டிருந்ததனால் அவள் அழுததை யாரும் கவனிக்கவில்லை. குடும்ப அட்டையில் நாய்க்கு இடமில்லை அல்லவா?"

தங்கை இப்போது எங்கே என்று கேட்டேன். இங்கே வந்த மறுவருஷம் காய்ச்சலில் போய்விட்டாள் என்றார். அதற்குமேல் இரண்டு பேரும் பேசவில்லை. பாம்பன் பக்கமிருந்து ரயில் வருகிற சத்தம் கேட்டதும் நிலையத்தை நோக்கி நடந்தோம்.

நான் ஊர் திரும்பி இரண்டு மாதம் கழித்து அவரிடமிருந்து கடிதம் வந்தது. குட்டி விற்றவர் கடைசியில் ஒரு பேப்பரை அனுப்பிவிட்டாராம். பேப்பர் அசலாகத்தான் இருக்கிறதாம். மூன்று தலைமுறையும் சுத்தமாக அச்சிட்டிருக்கிறதாம். ஆனால் நிறம் என்ற இடத்தில் கறுப்பும் பழுப்பும் என்றும், பெண் என்றும் போட்டிருக்கிறது. நம்முடைய சீனி வெள்ளை; கடுவன். பதினைந்து இலக்க எண் இருக்கிறது. கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய்க் கருவி வைத்துப் பார்த்ததில் சீனியின் உடம்பில் சில்லு ஒன்றும் இல்லை.

நண்பர் எழுதியிருந்தார்: "திருப்பி அனுப்பி வேறு வாங்கவேண்டும் என்கிறான் மகன். நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். குடும்ப அட்டையில் அப்பா பெயரையும் அப்படித்தான் தப்பாக எழுதியிருந்தார்கள். தங்கச்சியை ஆண் என்று போட்டிருந்தார்கள். திருத்தப் போனால் இன்னும் ஒரு மாதம் முகாமில் இருக்கவேண்டும் என்று சொன்னதனால் அப்பா அப்படியே விட்டுவிட்டார். இந்தப் பேப்பரையும் அதே தகரப் பெட்டியில் வைத்திருக்கிறேன். சீனி சௌக்கியம். மீன் தலை போட்டால்தான் சோற்றைத் தொடுகிறது. கொல்லை நாய்க்கு நேற்றிலிருந்து காலில் முள். அடுத்த முறை வரும்போது மதுரையில் நாய்க்குப் போடுகிற களிம்பு கிடைத்தால் ஒன்று வாங்கி வரவும்."